துண்டு திருப்பிக் கொடுக்க வந்தவர்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில் எங்கள் துணிக்கு இடம் இருக்காது. அத்தனையும் ஊரார் வீட்டுத் துணி. நாமக்கல்லில் ஒரு வெற்றிலைக் கடைக்காரருடைய துண்டு, பரமத்தியில் ஒரு வாத்தியார் காலில் மாட்டுகிற கம்பளி மேஜோடு, எத்தனை துவைத்தாலும் ஆட்டு வாடை போகாத கறுப்புக் கம்பளி ஒன்று, எந்தக் கவுண்டர் வீட்டினதோ கரை போட்ட சால்வை ஒன்று. அக்கா ஒவ்வொன்றையும் துவைத்து உலர்த்தி, யாருடையது என்று மச்சானிடம் கேட்டு மடித்து வைப்பாள். நானும் அம்மாவும் எங்கள் சேலைகளைக் கொல்லை முருங்கைக் கிளையில் போட்டு உலர்த்துவோம். மார்கழி முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். அரிப்பு எங்களுக்கு, கொடிக்கயிறு ஊராருக்கு.

மச்சான் என்பது அக்கா வீட்டுக்காரர். அப்பா போன பிறகு சேலத்தில் எங்கள் வீட்டோடு வந்து இருந்துவிட்டார். எண்ணெய் என்ஜின் ரிப்பேர் பார்ப்பதுதான் தொழில். கரும்பு ஆலை, நெல் மில், கிணற்றுப் பம்பு, எங்கே என்ஜின் நின்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அந்த நாளில் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வருகிறது ஒன்று வெள்ளைக்காரத் துரை, இல்லாவிட்டால் எங்கள் மச்சான். அந்த வண்டியே ஒரு துரையுடையதுதான். வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருந்தவர், சீமைக்குத் திரும்பும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

கரும்பு ஆலை ஓடுவது மார்கழி, தை, மாசியில். அதனால் மச்சானுக்கு ஓட்டம் முழுக்கக் குளிர்காலத்தில்தான். நம் சேலத்துக் குளிர் நடந்து போகிறவனை ஒன்றும் செய்யாது. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அது வேறு குளிர். காது மடலைப் பிடித்துத் திருகும். விரல் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க வராது. ஒரே ஒரு முறை பிடிவாதம் பிடித்து அவர் பின்னால் உட்கார்ந்து விடியற்காலையில் அயோத்தியாப்பட்டணம் வரை போனேன். இறங்கும்போது எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே வாய் ஓயாமல் திட்டினாள்.

அப்படிப்பட்ட குளிரில் போகிற மனிதர் வீட்டிலிருந்து என்ன எடுத்துப்போவார் என்கிறீர்கள்? ஒன்றும் கிடையாது. காக்கி அரைக்கால் சட்டை, மேலே ஒரு பருத்திச் சட்டை, துரை கொடுத்த தூசிக் கண்ணாடி, அவ்வளவுதான். அக்கா ஒரு போர்வையை மடித்து வண்டியின் பின்பக்கம் கட்டிவிடுவாள். சாயங்காலம் தெருமுனை உப்புக்கடைக்காரர் அதே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

"உங்க மாப்பிள்ளை மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரும்மா."

மறதியாம். வாரம் தவறாமல், அதே கடையில், அதே போர்வையை மறக்கிறவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"ஒரு போர்வையை எடுத்துட்டுப் போனா வண்டி நகராதா மச்சான்?" என்று நான் கேட்பேன்.

"கிளம்பறப்போ குளுரலீங்களே, பாப்பா" என்பார். என்னைவிட எவ்வளவோ மூத்தவர், எனக்கும் 'ங்க' போடுவார். கொங்குப் பக்கம் சுற்றிச் சுற்றி அந்தப் பேச்சு அவருக்கு ஒட்டிக்கொண்டது.

குளிர ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்துவார். எதிரே எந்த வீடு இருக்கிறதோ அந்த வாசலில் போய் நிற்பார். "ஏனுங்க, காத்து ஜாஸ்தியா இருக்குது. காதுக்கு ஒரு துண்டு குடுத்தீங்கன்னா திரும்பறப்போ கொண்டாந்து தந்துடறேன்." இது அவருடைய பாராயணம். ஒரு எழுத்து மாறாது. யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. இராசிபுரத்தில் காதுக்குத் துண்டு, நாமக்கல்லில் கைக்கு மேஜோடு, அதைத் தாண்டினால் எவரிடமாவது ஒரு கம்பளி. அந்தக் கம்பளியை ஆடு மேய்க்கிறவர்கள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களே, கொங்காடை என்று, அப்படிக் கவிழ்த்து இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொள்வார். ஜேடர்பாளையம் போய்ச் சேரும்போது சோளக்காட்டுப் பொம்மை வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

துணி கிடைக்காத இடத்தில் வேறு எதையாவது கேட்பார். சேலத்து நாவிதர் ஒருவர் கடையில் பழைய பத்திரிகை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் வைத்துக்கொண்டு போவார், திரும்பி வந்து அதையும் நீவி மடித்துக் கொடுப்பார். முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள் என்ஜின் எண்ணெய் வாடையோடு உலகச் செய்தி படித்தார்கள். வாழப்பாடிப் பக்கம் ஒரு தோப்பில் பாக்குமட்டை கேட்டு வாங்கி மார்பில் கட்டிக்கொண்டார். வெறும் பாக்குமட்டை, தோப்பெல்லாம் உதிர்ந்து கிடப்பது. அடுத்த வாரம் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அதையுமா திருப்பிக் குடுக்கப் போறீங்க?" என்று அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"இரவல் இரவல்தானுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனார். தோப்புக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

குளிருக்கு நல்ல உடுப்பு இல்லாத மனிதரா என்றால் அதுவும் இல்லை. வண்டியோடு சேர்த்து அந்தத் துரை ஒரு தோல் கோட்டும் கொடுத்திருந்தார். முழங்கால் வரை வரும். உள்ளே கம்பளி வைத்துத் தைத்தது. அக்கா அதைப் பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் அழுததற்காக ஒரே ஒரு தடவை அதைப் போட்டுக்கொண்டு ஜேடர்பாளையம் போனார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஆலைக்கொட்டாய்க்குப் போய் இறங்கியிருக்கிறார். பாகு காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பெண்கள் கரும்புச் சோகைக்குப் பின்னால் போய்விட்டார்கள். யாரோ ஓடிப்போய் மணியக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் ஆலைக்காரருக்கு மூச்சு வந்தது.

"அட, நீங்களா சாமி. நாங்க யாரோ ஆபீசருன்னு நெனச்சுப் போட்டமுங்க."

ஆள் தெரிந்த பிறகும் அன்றைக்கு ஒருவரும் பழைய மாதிரி பேசவில்லையாம். சூடான பாகை இலையில் ஊற்றித் தருவார்களே, அதுகூட யாரும் தரவில்லை. கேட்காமல் கொடுக்க அவர்களுக்குக் கூச்சம், கேட்க இவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தார். "இத நீயே வெச்சுக்க. ரொம்பக் குளுருது" என்றார். கம்பளி வைத்துத் தைத்த கோட்டைக் குளிருகிறது என்று சொன்ன ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஏன் இப்படி என்று அக்காதான் ஒரு நாள் சொன்னாள், ஊரார் துண்டுகளை மடித்துக்கொண்டே. மச்சான் தாய் தகப்பன் முகம் தெரியாதவர். மாதா கோயில் அனாதை மடத்தில் வளர்ந்தவர். மடத்தில் உடுப்பு, போர்வை எல்லாம் முறையாகக் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் லீவு விட்டால் மற்றப் பையன்கள் தூரத்து மாமன் வீடு, சித்தப்பன் வீடு என்று எங்காவது போவார்களாம். இவருக்குப் போக வீடு கிடையாது. கல்யாணம் ஆன முதல் மாதத்தில் அக்கா, ஏன் ஊரெல்லாம் இரவல் வாங்குகிறீர்கள், எனக்கு மானக்கேடாக இருக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறாள். அதற்கு அவர் சொன்னாராம்:

"ஒருத்தர் ஊட்டு வாசல்ல சும்மா போயி நிக்க முடியுமா? என்ன சோலின்னு கேப்பாங்க. துண்டு குடுக்க வந்தேன்னு சொல்லிப் பாரு. வந்து உக்காருங்கம்பாங்க."

அதற்குப் பிறகு அக்கா சண்டை போடவில்லை. துணி துவைக்கிற சவுக்காரக் கட்டி மட்டும் சீக்கிரம் சீக்கிரம் கரைந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் அன்றைக்குக் கண் கலங்கியது. ஆனால் இதே இரவல் பைத்தியம் என் கல்யாணத்தின் தலையில் வந்து விழுந்தபோது என் கண் கலங்கவில்லை, சிவந்தது. அந்தக் கோபம் நியாயமான கோபம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு முடிந்திருந்தது. அந்த நாளில் அது முற்றின வயது. வந்த இடமெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போய், கடைசியில் எங்கள் கோயில் உபதேசியார் மூலமாக ஆத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவரை நான் பார்த்திருந்தேன். ஆத்தூர்க் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு வந்தார். ஒரு பொடியன் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான். இவர் தன் கழுத்தில் கிடந்த பச்சை மப்ளரால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, அதை அப்படியே திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டார். அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்துவிட்டது.

அவசரமும் இருந்தது. விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம், ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்க வேண்டும். இந்தத் தையில் பேசி முடிக்கவில்லை என்றால் ஆத்தூர்க்காரர்கள் வேறு இடம் பார்ப்பார்கள் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். வீட்டில் ஆண்பிள்ளை என்றால் மச்சான்தான். அவர்தான் போய்ப் பேச வேண்டும்.

அக்கா அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து அந்தத் தோல் கோட்டை எடுத்துத் தட்டித் துடைத்து, தன் கையால் அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் மாத்திரம். என் தங்கச்சிக்காக" என்றாள். சரி என்று தலையாட்டினார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரை மாதிரிதான் இருந்தார்.

சாயங்காலம் உப்புக்கடைக்காரர் வந்து வாசலில் நின்றார். தோளில் தோல் கோட்டு.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மச்சான் வந்ததும் நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மறைக்கவும் அவருக்குத் தெரியாது. அயோத்தியாப்பட்டணத்தில் காதுக்குத் துண்டு வாங்கியிருக்கிறார். வாழப்பாடி தாண்டியதும் பனி தாங்கவில்லை. ரோட்டோரம் சோளக்காட்டுக் காவலுக்கு இருந்தவர் தன் கம்பளியைக் கொடுத்திருக்கிறார். கொங்காடை போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு, அந்தக் கோலத்தோடு சம்பந்தம் பேசப் போய் இறங்கியிருக்கிறார். அங்கே மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்று கம்பளியை மேலும் கீழும் பார்த்தாராம்.

"இது யார் வூட்டுக் கம்பளி?"

"வர்ற வழியில சோளக்காட்டுக்குக் காவல் இருக்கறவருங்க. சேரிக்காரரு. நல்ல மனுசன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? நடந்தது முப்பதுகளில். ஆத்தூர்க்காரர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள்தான், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்தான். ஆனால் சேரிக் கம்பளி வாசற்படி ஏறக் கூடாது. கழற்றி வேலி மேல் போட்டுவிட்டு உள்ளே வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் வேலியைப் பார்த்திருக்கிறார், கள்ளி முள் வேலி. "கிழிஞ்சு போயிருமுங்க. இரவல் சாமான், நான் அவருக்குப் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு முழுவதும் அப்படித்தான், அவர்கள் உள்ளே, இவர் வெளியே. காப்பி கொட்டாங்கச்சியில் வந்ததாம். அதையும் குடித்திருக்கிறார்.

"சொந்தக்காரங்கள்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நாமக்கல்ல இருக்காங்க, பரமத்தியில இருக்காங்க. ஜேடர்பாளையத்துல நாலஞ்சு ஊடு இருக்குதுங்க" என்று தனக்குத் துண்டு கொடுத்த வீடுகளையெல்லாம் இவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். கூட இருந்த உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இவர் மடத்தில் வளர்ந்த பிள்ளை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பொய்யும் சொல்கிறார், சேரிக் கம்பளியும் போட்டுக்கொண்டு வருகிறார் என்று ஆகிவிட்டது. அதோடு பேச்சு முடிந்தது.

"நான் பொய் சொல்லலீங்க அத்தை" என்று அம்மாவிடம் சொன்னார். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்து ஒரு துணியை அவிழ்த்து அக்காவிடம் நீட்டினார். பச்சை மப்ளர். காவல்காரர் கம்பளியையும் அயோத்தியாப்பட்டணத்துத் துண்டையும் வரும் வழியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இது புதிது. வேண்டாம் என்று அனுப்பிவிட்ட வீட்டில், வாசலைத் தாண்டும்போது மாப்பிள்ளை மட்டும் தெரு வரை கூட வந்திருக்கிறார். இவர் வண்டியை உதைக்கப் போனவர், திரும்பி நின்று தன் பாராயணத்தைச் சொல்லியிருக்கிறார். காத்து ஜாஸ்தியா இருக்குது, காதுக்கு ஒரு துண்டு குடுத்தீங்கன்னா திரும்பறப்போ கொண்டாந்து தந்துடறேன்.

"காதுலதான் துண்டு கட்டியிருந்தீங்களே. கம்பளி வேற இருந்துச்சே" என்றாள் அம்மா.

"இருந்துச்சுங்க. இருந்தாலும் குளுருச்சு."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. நம்மை வெளியே உட்கார வைத்தவர்கள் வீட்டில் கை நீட்டித் துணி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாரே என்று இருந்தது. "இதைக் கொண்டுபோய்த் தூக்கிப் போட்டுட்டு வாங்க, நாளைக்கே" என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்குச் சாப்பாடு போடவில்லை, அக்காதான் போட்டாள். தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள், நான் இந்நேரம் ஓலை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

அக்கா மப்ளரைத் துவைத்து மடித்து வைத்தாள். மச்சான் அதைத் தொடவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. பாக்குமட்டையைத் திருப்பிக் கொடுத்த மனிதர் இதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அந்தப் பக்கம் என்ஜின் எதுவும் கெட்டுப் போகலியே" என்பார். அடுத்த நாளே வாழப்பாடி போய்விட்டு வருவார், மப்ளர் இருந்த இடத்திலேயே இருக்கும். அக்காவே பயந்துவிட்டாள். "என்னங்க இது, உங்க பேரே கெட்டுப் போயிடும்" என்றாள். "கெடட்டும்" என்றார். நான் அந்த மப்ளரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கோயிலுக்குப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு, அவள் மடித்த மாதிரியே மடித்து வைத்ததை யாரும் பார்க்கவில்லை.

விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். ஆத்தூர் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார், தன்னந்தனியாக.

"சார் ஒரு மப்ளர் வாங்கிட்டு வந்தாங்க. இந்தப் பக்கம் வந்தேன், வாங்கிட்டுப் போலாம்னு" என்றார். ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு 'இந்தப் பக்கம்' என்று ஒரு பக்கம். காதெல்லாம் சிவந்திருந்தது.

மச்சான் கொல்லையில் வண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவே இல்லை. "வாங்க தம்பி, உக்காருங்க, கையெல்லாம் எண்ணெய்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் காப்பி கொண்டுபோய் வைத்தேன், நல்ல வெண்கல டம்ளரில். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு எங்க வூட்ல நடந்தது சரியில்லீங்க. எங்கப்பா கிட்டச் சொல்லிட்டேன்" என்றார். அம்மாவிடம் சொல்கிறாரா, டம்ளரிடம் சொல்கிறாரா, என்னிடம்தானா என்று தெரியவில்லை. அக்கா மப்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இனி வருவதற்கு ஒரு காரணமும் இல்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசற்படி இறங்கியவர் அங்கேயே நின்றார். திரும்பினார். உச்சி வெயில், தெருவில் ஒரு இலை அசையவில்லை.

"காத்து ஜாஸ்தியா இருக்குங்க" என்றார். "காதுக்கு ஒரு துண்டு குடுத்தீங்கன்னா, திரும்பக் கொண்டாந்து தந்துடறேன்."

கழுத்தில் மப்ளரை வைத்துக்கொண்டு துண்டு கேட்கிறார் மனிதர். அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கொல்லையில் ஸ்பானர் கீழே விழும் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். முருங்கைக் கிளையில் உலர்ந்துகொண்டிருந்த என் துண்டை நானே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்றுகூட உதறிப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு கொல்லைக்குப் போனேன். மச்சான் குனிந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கை கழுவிட்டு வாங்க மச்சான், சாப்பாடு போடறேன்" என்றேன்.

"பாப்பா ரொம்ப நாளாச்சுங்க சோறு போட்டு" என்றார்.

அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க வாத்தியார் வந்தார். திரும்பும்போது ஒரு குடை வாங்கிக்கொண்டு போனார். தபசு காலம் முழுக்க இப்படி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்ததில் அவருடைய அப்பாவே அலுத்துப்போய், ஈஸ்டர் கழித்து ஓலை எழுதச் சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் எங்கள் கல்யாணம். என் மாமனார் கடைசிவரை மச்சானை வாய் திறந்து வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. ஆனால் மார்கழியில் மச்சான் ஆத்தூருக்கு வந்து கிளம்பும்போது, மாமனார் எங்கேயோ பார்த்துக்கொண்டு என்னிடம், "பனியா இருக்கு, அந்தச் சால்வையைக் குடும்மா" என்பார்.

உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனதும் மோட்டார் சைக்கிள் கோணிப்பைக்குக் கீழே போய்விட்டது. மச்சான் சைக்கிளிலும், பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரி எரித்து ஓட்டிய கரி பஸ்ஸிலும் போய் என்ஜின் பார்த்தார். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து போகிறவருக்குக் காற்று ஏது, குளிர் ஏது? அப்போதும் இரவல் நிற்கவில்லை. ஒரு மார்கழியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், விடியற்காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். மச்சான் கேட்பதற்கு முன்னாலேயே இவர் பச்சை மப்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதன் ஓரமெல்லாம் பிரிந்திருந்தது அப்போது. தை பிறந்து சில நாளில் மச்சானுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு விட்டது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்களைக் கோயில் கொள்ளவில்லை. நாமக்கல்லிலிருந்து, பரமத்தியிலிருந்து, ஜேடர்பாளையத்து ஆலைக்கொட்டாயிலிருந்து வந்திருந்தார்கள். வாழப்பாடிக் காவல்காரர் கிழவராகிவிட்டிருந்தார், கதவோரம் நின்றார். அன்றைக்கு மச்சான் மடியில் வைத்திருந்த அந்தக் கம்பளி தோளில் கிடந்தது. என் மாமனார் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் யாரு?" என்று கேட்டார்.

"சொந்தக்காரங்க மாமா" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தாள். எங்களோடு ஆத்தூருக்கு வந்து இரு என்றால் கேட்கவில்லை, அந்த வீட்டையும் கோணிப்பைக்குக் கீழே கிடந்த வண்டியையும் விட்டு வர மனமில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறு வாரம் கரி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். முகமெல்லாம் புகைக் கறுப்பு. மாசி முடிகிற நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பச்சை மப்ளர். துவைத்து, பிரிந்த ஓரத்தைத் தைத்து, மடித்திருந்தாள்.

"உன் வூட்டுக்காரர்து. அவர் இருந்தா கொண்டாந்து குடுத்திருப்பார்" என்றாள். சாப்பிட்டாள், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருந்தாள், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டாள். கை வெறுங்கையாக இருந்தது.

"இரு அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கொடியில் கிடந்த என் சால்வையை எடுத்துக்கொண்டு வந்தேன். "இதைப் போத்திட்டுப் போ. குளிருது."

அக்கா வாசலுக்கு வெளியே கொதிக்கிற வெயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சால்வையை வாங்கித் தோளில் போட்டு இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஆமாம், குளிருது" என்றாள். "அடுத்த வாரம் கொண்டாந்து தர்றேன்."